பேரை மாத்தணும்ங்க: அரசிதழுக்கு முன்னும் பின்னும்

திருப்பூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன் நான். ஜி.எஸ்.டி. பதிவுக்கோ பி.எஃப். பணம் எடுக்கவோ வருகிறவர்கள் பையிலிருந்து அட்டைகளை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைப்பார்கள். ஆதாரில் ஒரு பெயர். பான் அட்டையில் அதே பெயர் வேறு மாதிரி. வங்கிப் புத்தகத்தில் இன்னொரு மாதிரி. ரேஷன் கார்டைக் கேட்கவே வேண்டாம். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டுவிடுவார்: "பேசாம கெஜட்ல பேரை மாத்திட்டா எல்லாம் சரியாப் போயிருமுங்களா?"

போகாது. பல பேருக்குக் கெஜட்டே, அதாவது அரசு வெளியிடும் அரசிதழில் அறிவிப்புப் போடுவதே, தேவைப்படாது. தேவைப்படுகிறவர்களுக்கோ, அதைப் போட்ட பிறகுதான் அலைச்சலே ஆரம்பிக்கும். பெயர் மாற்றம் என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதற்குள் குறைந்தது மூன்று வேலைகள் கலந்து கிடக்கின்றன. எழுத்துப் பிழையைத் திருத்துவது ஒன்று, இனிஷியலை விரிப்பது இன்னொன்று. இருக்கிற பெயரை விட்டு வேறொரு பெயருக்குப் போவது மூன்றாவது. இந்த மூன்றாவதுக்குத்தான் அரசிதழ். முதல் இரண்டில் இருப்பவர்கள் அதைப் போட்டுவிட்டு, இல்லாத சிக்கலைப் புதிதாக இழுத்துக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

கொங்குப் பக்கம் முதல் வகைக்குப் பஞ்சமே இல்லை. கோவையிலிருந்து கரூர் வரை எந்த ஊர்த் தெருவில் நின்று "பழனிச்சாமி" என்று கூப்பிட்டாலும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுத ஒரு முறை என்று கிடையாது. 'ழ'வுக்கு ஒருவர் எல் போடுவார், ஒருவர் இசட்-எச் போடுவார். 'சா'வுக்கு எஸ்-ஏ ஒரு கட்சி, எஸ்-டபிள்யூ-ஏ ஒரு கட்சி. முடிவில் ஐ-யா ஒய்-யா என்பது எழுதுகிறவர் மனநிலையைப் பொறுத்தது. முன்னாள் முதல்வர் எடப்பாடி பழனிசாமியின் பெயரையே ஆங்கிலப் பத்திரிகைகள் இரண்டு விதமாக எழுதுகின்றன என்றால், ஒரு பவர்லூம் தொழிலாளியின் பெயரை ஆதார் மையத்தில் தட்டச்சு செய்தவரை என்ன சொல்ல? பெண்கள் பெயர்களில் இது இன்னும் மோசம். வீட்டில் ராமாத்தா, பள்ளிப் பதிவேட்டில் ராமாத்தாள், வாக்காளர் பட்டியலில் ராமாயி, மகன் கல்யாணப் பத்திரிகையில் ராமாயம்மாள். நான்கும் ஒரே ஆள்.

அரசாங்கமே இதில் தடுமாறியிருக்கிறது. 2020 ஜூனில், 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஓர் ஆணை வெளிவந்தது. கோயம்புத்தூருக்கு அதில் கிடைத்த நீளமான ஆங்கில எழுத்துக்கோவையைப் பார்த்து ஊரே சிரித்தது. சில நாளில் ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஊருக்குக் கிடைத்த அந்த வசதி தனி ஆளுக்குக் கிடைப்பதில்லை. அரசிதழில் வந்துவிட்டால் வந்ததுதான். வேண்டாமென்றால் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும்.

எழுத்துப் பிழை என்றால் எந்த அட்டையில் பிழை இருக்கிறதோ அந்த அலுவலகத்துக்குப் போய், சரியாக இருக்கும் இன்னொரு ஆவணத்தைக் காட்டித் திருத்திக்கொள்வதுதான் முறை. வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8, ரேஷன் கார்டுக்கு உணவுப்பொருள் வழங்கல் துறையின் இணையதளம், ஆதாருக்குச் சேவை மையம். அலைச்சல்தான், ஆனால் சட்டச் சிக்கல் இல்லை. எதை மூல ஆவணமாக வைத்து மற்றவற்றைத் திருத்துவது என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பு படித்தவர் என்றால் என் யோசனை மதிப்பெண் சான்றிதழ்தான். பிற்பாடு மாற்றுவதற்கு மிகக் கடினமானது அது. மலையை நகர்த்த முடியாதபோது நாம்தானே சுற்றிப் போக வேண்டும்?

இனிஷியல்தான் பெரிய தலைவலி. நமக்கு அப்பா பெயரின் முதல் எழுத்து போதும். சின்னச்சாமி மகன் பழனிச்சாமி என்றால் சி. பழனிச்சாமி, முடிந்தது. ஆனால் பான் விண்ணப்பம் குடும்பப் பெயரைக் கட்டாயம் கேட்கும். அந்தக் கட்டத்தில் ஒற்றை எழுத்தைப் போட முடியாது. வேறு வழியில்லாமல் அப்பா பெயரை அங்கே எழுதியிருப்பார்கள். வருமான வரித்துறைக் கணக்கில் மகன் 'பழனிச்சாமி சின்னச்சாமி' ஆகிவிட்டார். ஆதாரில் 'பழனிச்சாமி சி'. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாகவே விட்டிருந்தால் வெறும் பழனிச்சாமி. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் வைத்திருப்பவர்களைச் சுற்றுலா விசாவில் உள்ளே விட மாட்டோம் என்று அறிவித்தபோதுதான் இந்தக் காலிக் கட்டத்தின் விலை பல பேருக்குத் தெரிந்தது. போதாக்குறைக்கு, தமிழில் எழுதும்போது இனிஷியலும் தமிழ் எழுத்தாகவே இருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் மாநில அரசு ஆணை போட்டது. நல்ல ஆணைதான். ஆனால் அதற்கு முன் அச்சான சான்றிதழ்களில் ஆங்கில எழுத்து அப்படியே இருக்கிறது.

இனிஷியலை விரிக்கவோ சுருக்கவோ பெரும்பாலும் அரசிதழ் வேண்டியதில்லை. அப்பாவின் முழுப்பெயர் ஏதாவது ஒரு வலுவான ஆவணத்தில் இருந்தால் போதும். பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், கல்விச் சான்றிதழ் இப்படி ஏதாவது ஒன்று. "சி. பழனிச்சாமியும் பழனிச்சாமி சின்னச்சாமியும் ஒருவரே" என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்வதும் வழக்கம். முன்பு 20 ரூபாய் முத்திரைத்தாளில் முடிந்த வேலை. 2024-லிருந்து 200 ரூபாய்த் தாள். அதை ஏற்பதும் ஏற்காததும் வாங்குகிற அலுவலகத்தைப் பொறுத்தது. வங்கிகள் பெரும்பாலும் ஏற்கும், ஆதாரில் எடுபடாது.

சரி, மூன்றாவது வகைக்கு வருவோம். உண்மையாகவே வேறு பெயர் வேண்டும் என்பவர்கள்.

இந்தியாவில் வயது வந்த ஒருவர் தன் பெயரை மாற்றிக்கொள்வதற்கென்று தனியாக ஒரு சட்டம் கிடையாது. 18 வயது முடிந்தவர் தன்னை எந்தப் பெயரில் அழைத்துக்கொள்வது என்பது அவர் இஷ்டம், ஏமாற்றும் நோக்கம் இல்லாதவரை. 2021 ஜூனில் சி.பி.எஸ்.இ. சான்றிதழ்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், தன் பெயரைத் தானே தீர்மானிப்பது கருத்துரிமையைச் சேர்ந்தது என்று அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவைக் காட்டிச் சொன்னது. 2023-ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு இரண்டு சகோதரர்கள் போனார்கள். சாதிக் கொடுமைக்குப் பயந்து அவர்கள் அப்பா தன் குடும்பப் பெயரை மாற்றிக்கொண்டார். மகன்களின் மதிப்பெண் சான்றிதழில் அப்பாவின் புதுப் பெயரைப் போட சி.பி.எஸ்.இ. வாரியம் மறுத்தது. போடச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. இதைப் படித்துவிட்டு எல்லாக் கதவும் திறந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அதே 2023-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி பெயர் வைத்துக்கொள்வது அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார். 2025-ல் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. உரிமை உண்டு, ஆனால் நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்றது.

தனிச் சட்டம் இல்லாத இடத்தில்தான் அரசிதழ் வருகிறது. தமிழ்நாடு அரசிதழை வெளியிடுவது எழுதுபொருள் அச்சுத்துறை. புதன்கிழமைதோறும் வரும் அந்த இதழில் ஆறாம் பகுதியின் நான்காம் பிரிவு, தனியார் அறிவிப்புகளுக்கானது. பெயர் மாற்றம் முழுக்க அங்கேதான். ஒரு பக்கத்தை எடுத்துப் பார்த்தால் சின்ன எழுத்தில் வரிசை எண்ணோடு பத்தி பத்தியாக இருக்கும். இன்னாராகிய நான், இன்னார் மகள், இந்தத் தேதியில் பிறந்தவள், சொந்த மாவட்டம் ஈரோடு, இந்த முகவரியில் வசிப்பவள், இனி இந்தப் பெயரால் அறியப்படுவேன். கீழே கையெழுத்திட்டவரின் பழைய பெயர், ஊர், தேதி. அவ்வளவுதான். எதற்காக மாற்றினார்கள் என்பதை அந்த நாலு வரியில் தேடினாலும் கிடைக்காது. கல்யாணமா, கோபமா, ஜோசியமா என்று ஊகித்துக்கொண்டே படிக்கலாம். எனக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

அந்தப் பக்கங்களின் தலைப்பில் ஒரு முன்னறிவிப்பு இருக்கும். விண்ணப்பதாரர்கள் அதைப் படிப்பதே இல்லை. இந்த அறிவிப்புகளுக்கு அரசு எந்தச் சட்டப் பொறுப்பும் ஏற்காது, விளைவுகளுக்கும் தவறான தகவலுக்கும் அறிவிப்புக் கொடுத்தவரே முழுப் பொறுப்பு என்று அது சொல்கிறது. இந்த விஷயத்தின் முடிச்சே இந்த வரியில் இருக்கிறது. அரசிதழ் உங்கள் பெயரை மாற்றிக் கொடுப்பதில்லை. நீங்கள் மாற்றிக்கொண்டதாகச் சொன்னதை ஊரறிய அச்சடித்துக் கொடுக்கிறது. அது எந்த அலுவலகத்துக்கும் போய், "இவர் அட்டையைத் திருத்துங்கள்" என்று உத்தரவு போடாது. பழைய பெயரையும் அழிக்காது. பழைய பெயரும் புதுப் பெயரும் ஒரே ஆளுடையவை என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான். இது புரிந்துவிட்டால் பிற்பாடு வரும் குழப்பங்களில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

விண்ணப்பம் அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. படிவம் துறையின் இணையதளத்தில் இருக்கிறது. பழைய பெயர், புதுப் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதிக்கான ஆதாரம், முகவரிக்கான ஆதாரம், காரணம், புகைப்படம், நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியின் சான்றொப்பம். மணமுறிவால் மாற்றுகிறவர் நீதிமன்றத் தீர்ப்பு நகலை வைக்க வேண்டும். மதம் மாறியதால் என்றால் அதற்கான சான்று. அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்க்குள்தான். தாலுகா ஆபீஸ் வாசலில் பெயர் மாற்றித் தருகிறோம் என்று பலகை வைத்திருப்பவர்கள் சொல்லும் தொகைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அவர்களுடைய கூலி. நேரமில்லாதவர் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் கட்டாயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

படிவத்தை நிரப்பும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். பழைய பெயரை, மனதில் இருப்பதுபோல் அல்லாமல், மூல ஆவணத்தில் இருப்பதுபோல் எழுத்துக்கு எழுத்து, புள்ளிக்குப் புள்ளி எழுத வேண்டும். பான் அட்டையில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி என்றால் 'என்கிற' போட்டு இரண்டையும் பழைய பெயராகக் காட்ட முடியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாவது, ஆங்கிலத்தில் போட்ட அறிவிப்பு ஆங்கிலப் பெயருக்குத்தான். தமிழிலும் பெயர் மாறுகிறது என்றால் அதற்குத் தனி அறிவிப்பு கொடுக்க வேண்டும், அதற்குக் கட்டணமும் தனி. பட்டா, பத்திரம், ரேஷன் கார்டு எல்லாம் தமிழில் ஓடும் ஊரில் இதை விட்டுவிடுகிறவர்கள் பிறகு வருந்துகிறார்கள். அரசிதழ் வந்ததும் முதல் வேலையாக ஒவ்வோர் எழுத்தையும் சரிபாருங்கள். அச்சுப் பிழை இருந்தால் உடனே தெரிவித்தால்தான் திருத்தம் கிடைக்கும்.

பெயரின் வாலில் இருக்கும் சாதியை வெட்டுவதற்காக வருகிறவர்களும் உண்டு. இந்த மண்ணில் இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஈரோட்டிலிருந்து வந்த 'குடிஅரசு' இதழில் 1927 டிசம்பரில்தான் ஆசிரியர் ஈ.வெ.ராமசாமியின் பெயருக்குப் பின்னாலிருந்த நாயக்கர் காணாமல் போனது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. இன்று தமிழ்நாட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் பெயரில் சாதிப் பட்டம் அநேகமாக இல்லை. அதே குடும்பத்துத் தாத்தாவின் பட்டாவிலும் பழைய பத்திரத்திலும் 'கவுண்டர்', 'செட்டியார்' என்று இருக்கும். இதற்கெல்லாம் அரசிதழ் போட வேண்டுமா? தாத்தா பட்டத்துக்கு வேண்டாம். வாரிசுச் சான்றிதழ் எடுக்கும்போது பட்டத்தோடு கூடிய பெயரையும் சேர்த்துக் குறிப்பிட்டால் போதும். உங்கள் சொந்தச் சான்றிதழில் பட்டம் இருந்து, அதை விட நினைத்தால் அரசிதழ்தான் வழி. பட்டத்தை விட்டதால் சாதிச் சான்றிதழோ இடஒதுக்கீடோ மாறாது, அது வேறு கணக்கு. 2025 அக்டோபரில் தெருப் பெயர்களிலிருந்து சாதியை நீக்க அரசாணை வந்த சில நாளிலேயே கோவை அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயர் வைத்தார்கள். கேலியும் சண்டையும் நடந்தன. நாயுடுவை எடுத்துவிட்டால் அந்த மேதையை யாருக்கு அடையாளம் தெரியும் என்று கேட்டவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

எண் கணிதக்காரர்கள் சொல்லி ஆங்கிலத்தில் கூடுதலாக ஒரு ஏ, இரட்டைக் கே என்று சேர்க்கிறவர்கள் வேறு. அவர்களை நான் தடுக்க முயல்வதில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: விசிட்டிங் கார்டிலும் கடைப் பலகையிலும் போட்டுக்கொண்டால் கிரகம் ஒத்துக்கொள்ளாதா? சிலர் யோசிக்கிறார்கள்.

அரசிதழ் கைக்கு வந்த பிறகு முதலில் போக வேண்டியது ஆதாருக்கு. மற்ற எல்லாமே இன்று அதோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன. முழுப் பெயர் மாறினால் ஆதார் ஆணையம் அரசிதழோடு பழைய பெயரில் உள்ள ஓர் அடையாள ஆவணத்தையும் கேட்கும். பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். மூன்றாவது முறை என்றால் தமிழ்நாட்டைக் கவனிக்கும் பெங்களூரு மண்டல அலுவலகத்திடம் விலக்கு கேட்டுப் போக வேண்டும். கல்யாணத்துக்கு ஒரு முறை, எழுத்துப் பிழைக்கு ஒரு முறை என்று வாய்ப்பைத் தீர்த்துவிட்டவர்கள் உண்டு. ஆகவே எல்லாத் திருத்தத்தையும் சேர்த்து ஒரே தடவையில் செய்வது நல்லது. ஆதாருக்கு அப்புறம் பான். பான் மாறியதும் வங்கி. சொந்தத் தொழில் என்றால் ஜி.எஸ்.டி. பதிவிலுள்ள பெயர் பானிலிருந்துதான் வரும், அதனால் பானை மாற்றாமல் அதைத் தொட முடியாது. ஏற்றுமதிக்காரர் என்றால் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடும் இந்த வரிசையில் சேரும். கப்பலில் சரக்கு இருக்கும்போது இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

திருப்பூரில் அதிகம் மாட்டுவது பி.எஃப். விஷயத்தில். ஒரு பெண் கல்யாணத்துக்கு முன்னால் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேருகிறாள். பி.எஃப். கணக்கு அப்பா இனிஷியலில். கல்யாணமாகிறது. ரேஷன் கார்டில் சேர்க்க வேண்டுமே என்று ஆதாரில் கணவர் இனிஷியலுக்கு மாறுகிறாள். அதை வைத்து வங்கிக் கணக்கும் மாறுகிறது. குழந்தை பிறக்கிறது, வேலையை விடுகிறாள், பணத்துக்கு விண்ணப்பிக்கிறாள். பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வருகிறது. முன்பெல்லாம் இதற்குத் தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழி வேண்டும். கம்பெனி நடந்துகொண்டிருந்தால் எச்.ஆர். மேஜைக்கு நாலு நடை. மூடிவிட்டார்கள் என்றால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோலத்தான். 2025 ஜனவரியில் வைப்பு நிதி அமைப்பு ஒரு தளர்வு கொடுத்தது. 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு ஆதாரோடு சரிபார்த்துக் கணக்கு எண் பெற்றவர்கள், பெயர், பிறந்த தேதி, திருமண நிலை போன்றவற்றை முதலாளியின் ஒப்புதல் இல்லாமல் இணையதளத்தில் தாங்களே திருத்திக்கொள்ளலாம். அதற்கு முந்தைய கணக்கு வைத்திருப்பவர்களுக்குப் பழைய வழிதான். ஆகவே ஆதாரில் இனிஷியலை மாற்றிய கையோடு, வேலையில் இருக்கும்போதே பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டையும் மாற்றிவிட வேண்டும். வேலையை விட்ட பிறகு அந்தக் கையெழுத்தின் விலை ஏறிவிடும்.

கல்யாணத்துக்குப் பிறகு பெயரையோ இனிஷியலையோ மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாமியார் வீடு சொல்லலாம், இ-சேவை மையத்தில் இருப்பவர் சொல்லலாம். அப்பா இனிஷியலிலேயே இருந்தால் ரேஷன் கார்டில் பெயர் சேராது என்பது சுத்தக் கட்டுக்கதை. மாற்ற விரும்பினால் திருமணப் பதிவுச் சான்றிதழே பெரும்பாலான இடங்களில் போதும். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் நடக்கும் எல்லாத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். மண்டப வாடகைக்கு லட்சம் செலவழித்தவர்கள் இந்தப் பதிவை மறந்துவிட்டு, பாஸ்போர்ட் எடுக்கும்போது ஓடுகிறார்கள்.

திருநங்கையர், திருநம்பியருக்கு வழி வேறு. 2014-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, 2019-ல் தனிச் சட்டம் வந்தது. மாவட்ட ஆட்சியர் தரும் அடையாளச் சான்றிதழை வைத்து அவர்கள் தங்கள் ஆவணங்களில் பெயரை மாற்றிக்கொள்ளலாம். அரசு ஊழியர்கள் அரசிதழோடு நிற்க முடியாது. துறைத் தலைமையின் அனுமதி பெற்றுப் பணிப்பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஓய்வூதியக் கோப்பு நின்றுவிடும்.

மாறவே மாறாது என்று எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, பள்ளிச் சான்றிதழ். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் முன் தலைமையாசிரியர் மூலம் திருத்தலாம். சான்றிதழ் அச்சாகி, பள்ளியை விட்டும் போன பிறகு, எழுத்துப் பிழையை மட்டும்தான் அரசுத் தேர்வுகள் இயக்ககம் ஆதாரத்தோடு பரிசீலிக்கும். வளர்ந்த பிறகு நீங்களாக வைத்துக்கொண்ட பெயருக்குப் புதுச் சான்றிதழ் எதிர்பார்க்க முடியாது. பழைய பெயரில் உள்ள சான்றிதழையும் அரசிதழையும் சேர்த்துக் காட்டித்தான் வேலைக்கோ மேல்படிப்புக்கோ போக வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள்கூட இதை ஏற்கின்றன, அவர்களுக்கு இது புதிதல்ல. இன்னொன்று பிறப்புச் சான்றிதழ். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, தவறான பதிவைத் திருத்தத்தான் இடம் தருகிறது. பிறந்தபோது வைத்த பெயர் தவறான பதிவு அல்லவே. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம் வரை பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. ஆகவே இப்போது பிள்ளைக்குப் பெயர் வைக்கிறவர்கள் நகராட்சிப் பதிவில் ஏறும் ஒவ்வோர் எழுத்தையும் உட்கார்ந்து பாருங்கள். இனிஷியலைப் புள்ளியாக வைக்காமல் அப்பா பெயரையோ அம்மா பெயரையோ முழுதாக எழுதுங்கள்.

அலுவலகம் எதையும் ஏற்க மறுத்தால் நீதிமன்றம் இருக்கிறது. 1963ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 34ஆவது பிரிவின்கீழ், இன்னார் இன்னாரே என்று நீதிமன்றமே அறிவிக்கும் விளம்புகைத் தீர்ப்பைக் கேட்டு மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். தீர்ப்பு கிடைத்தால் அது அரசிதழைவிட வலுவானது. ஆனால் காலம் பிடிக்கும், வக்கீல் கட்டணம் பிடிக்கும். அரசிதழ் முயற்சியெல்லாம் தோற்ற பிறகு போக வேண்டிய இடம் அது.

கடைசியாகப் பூமி விஷயம். தோட்டமோ காடோ பழைய பெயரில் வாங்கியிருந்தால் அந்தக் கிரயப் பத்திரத்தைத் திருத்தத் தேவையில்லை, திருத்தவும் முடியாது. பிழைத்திருத்தல் பத்திரம் என்பது எழுதிய அன்றே இருந்த பிழைக்கு. அன்று உங்கள் பெயர் அதுதான். விற்கும்போது புதுப் பத்திரத்தில் "முன்பு ராமாத்தாள் என்று அறியப்பட்டு, இன்ன தேதி அரசிதழ் அறிவிப்பின்படி இன்ன பெயர் பெற்ற" என்று எழுதி, அரசிதழ் நகலை இணைத்துவிட்டால் வில்லங்கம் பார்க்கிறவருக்குச் சங்கிலி அறுபடாமல் தெரியும். பட்டாவில் மட்டும் தாசில்தார் அலுவலகத்தில் மனுக் கொடுத்துப் புதுப் பெயரை ஏற்றிக்கொள்ளலாம், ஏற்றிக்கொள்வது நல்லதும்கூட.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியல்களில் தங்களையும் பெற்றோரையும் தேடச் சொன்னார்கள். பெயரை மாற்றி வருஷக்கணக்கான பிறகும் பழைய பெயரைத்தான் அங்கே தேட வேண்டியிருந்தது. அதனால் புதுப் பெயரில் அட்டை வந்ததும் பழைய அட்டைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய பான் நகல், பழைய ஆதார் நகல், அரசிதழின் அந்தப் பக்கம், அது வெளிவந்த இதழின் எண்ணும் தேதியும் உள்ள முதல் பக்கம், எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, பத்திரம் இருக்கும் பெட்டியிலேயே வையுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு நாளை உங்கள் பிள்ளைகள் அலையும்போது தாசில்தார் அலுவலகத்தில் முதலில் கேட்பது அந்த உறையில் இருப்பதைத்தான்.